ஏழில் மூன்று

டொக்யார்ட் வீதியில் முன்பு ஐஸ் கட்டி போட்ட கட்டடம்.
யன்னல் இல்லை. கதவு ஒரு சாண் தடிப்பு.
உள்ளே ஐந்து மேசை, இரண்டு மின்விசிறி,
ஹார்ட்வேர் கடைப் பிளைவூட்டின் பச்சை வாசம்.

ஹஸ்மியா கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள்.
என்னைவிடப் பத்தொன்பது வயது குறைவு.
முதற் சனிக்கிழமை அவள் சொன்னது ஒன்றே ஒன்று:
"உளிக்கு முன்னால கை வைக்காதீங்க."
வைத்தேன்.
திங்கட்கிழமை கவுண்டரில்
பிளாஸ்டர் சுற்றிய பெருவிரல்
ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை
மூன்று தரம் பிழையாக எண்ணியது.

இருபத்திரண்டு வருடம் காசாளர் நான்.
நோட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தால்
முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும்
முட்டி ஓர் உருவமாக வேண்டும்.
மயிரளவு விலகினாலும்
விரல் தானாக நின்றுவிடும்.

இங்கே, என் முதல் தாளில்
நீலம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது.
லோஞ்ச் ஓரிடம், அதன் நிறம் ஓரிடம்.
"கள்ள நோட்டு" என்றேன்.
பக்கத்து மேசை நிலங்க சிரித்தான்.
அவனுக்கு மா ஆலையில் வேலை,
காது மடலில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை.
அவனுடைய தாளில் கொக்குக்கு
இரண்டு அலகு.

ஒரே பலகைதான். வேறு பலகை கிடையாது.
வெள்ளையாக விடவேண்டியதை முதலில் தோண்டு.
மஞ்சள் பூசு, தாளை வை,
எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்.
இனி, மஞ்சளாகவே இருக்கட்டும் என்று
ஆசைப்பட்ட இடத்தையெல்லாம் தோண்டு.
மிச்சத்தில் பச்சை.
பிறகு பச்சையைத் தோண்டு.
எதை வைத்துக்கொள்ள விரும்புகிறோமோ
அதைத்தான் வெட்டி எறியவேண்டும் என்பது
எனக்குப் பிடிபட மூன்று சனி போனது.
சீவல்கள் சேலை மடிப்பில் வீடு வரை வந்தன.

கடலை நான் செதுக்கவில்லை.
மரம் ஏற்கெனவே வரி வரியாக வைத்திருந்தது.
உளியைக் கீழே வைத்துவிட்டுப்
பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.
அந்த வகுப்பில் நான் நன்றாகச் செய்தது அதுதான்.

பலகையில் என் லோஞ்ச்
இறங்குதுறையை விட்டு மூதூருக்குப் புறப்படுகிறது.
தாளை உரித்தெடுத்தால்
திரும்பி வந்துகொண்டிருக்கிறது.
"எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்றாள் ஹஸ்மியா.
"வேணுமெண்டா அடுத்த பலகையில மாத்துங்க."
வேண்டாம் என்றேன். வரட்டும்.

ஏழு தாள், வாழைநாரில் செய்தது.
நான்கு நிறம். இருபத்தெட்டுத் தடவை தேய்த்தேன்.
கடைசிக் கருநீலம் ஏறியபோது
பலகையில் எஞ்சியிருந்தது
லோஞ்சின் அடிவயிறும் ஒரு கயிறும்.
இனி எட்டாவது தாள் என்று ஒன்று வராது.

உள்ளே காற்றில்லை என்று
முற்றத்து நைலோன் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம்.
தேத்தண்ணி குடித்துத் திரும்பினால்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
மூன்றாவதை மென்றுகொண்டிருக்கிறது.
வானம் போய்விட்டது. லோஞ்சின் பாதி
வாய்க்கு வெளியே ஆடுகிறது.
நிலங்க சாக்கை வீசினான்.
மான் அவசரப்படாமல் விழுங்கியது.
அதுதான் சரியாகப் பொருந்திய தாள்.
நீலம் நீலத்தின் இடத்தில் இருந்த
ஒரே தாள்.

"ஆறு எண்டு போடுங்க" என்றாள் ஹஸ்மியா
பென்சிலை நீட்டி.
எப்படிப் போடுவது?
அச்சேறியது ஏழு. வரவு வரவுதான்,
கையிருப்பு குறைந்தால் அது வேறு பக்கத்துக் கணக்கு.
ஏழில் ஒன்று என்று எழுதினேன்.
ஏழில் இரண்டு.
ஏழில் நான்கு.

இன்று வேலைக்குப் போகும் வழியில்
நடு வீதியில் ஒரு மான் படுத்திருந்தது.
அதுவா, வேறொன்றா, தெரியாது.
முதுகில் வெள்ளைப் புள்ளிகள்:
மஞ்சள் பூசுவதற்கும் முன்பே
யாரோ தோண்டி விட்ட இடங்கள்.
நிலாவெளி பஸ் ஹோர்ன் அடித்தது.
அது எழும்பவில்லை.